விசாரிப்பது தப்பெண்ணமாகுமா?

"சலாம் சொல்லிப் பேசுகிறவரிடம் தாய்ப்பத்திரத்தைக் காட்டு என்பதா? அது தப்பெண்ணம் ஆகாதா?" என்று நம்மவர்களில் பலர் தயங்குகின்றனர். தப்பெண்ணம் பாவந்தான். ஆனால் திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) எதைப் பற்றியது? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிச் சாட்சி வைப்பது பற்றியது. அதுவும் ஈமான் கொண்டோரை விளித்தே சொல்லப்பட்டது. எனவே, ஆதாரம் கேட்பது எவரையும் பழிப்பதாகாது.

அறந்தாங்கி, மீமிசல், கோட்டைப்பட்டினம் பகுதிகளிலிருந்து கடல் கடந்து பிழைப்போர் அநேகர். "வங்கி ஏலம், பாதி விலை, இன்றே முன்பணம்" என்று இணையத்தில் ஒரு மனையின் படம் வந்தால் அங்கிருந்தபடியே பணம் அனுப்பிவிடுகிறார்கள். மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்காத நாம், மனையை மட்டும் படத்தைப் பார்த்து வாங்குகிறோம்!

அடமானச் சொத்தை வங்கி ஏலம் விடுவதற்கு 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விதிகள் உண்டு. இரு நாளிதழ்களில் அறிவிப்பு வரவேண்டும். அவற்றில் ஒன்று வட்டார மொழி இதழாக இருக்கவேண்டும். ஏலம் எடுத்தவர் அன்றோ மறு வேலை நாளிலோ கால் பங்கைக் கட்டவேண்டும். முன்வைப்புத் தொகையைத் தனியார் ஒருவர் கணக்கில் போடச் சொன்னால் அது வங்கி ஏலமே அன்று. வங்கிக் கிளைக்கு நேரில் ஆளனுப்பிக் கேட்டால் அரைமணி நேரத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

"பத்திரம் பதிவாகிவிட்டதே" என்பதும் போதாது. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, விற்பவரின் உரிமையை ஆராய்வது சார்பதிவாளரின் வேலையன்று என உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. விற்பவருக்கு இல்லாத உரிமை வாங்குபவருக்கு வந்துவிடாது. வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், பட்டா ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, மனைக்கு நேரில் போய் அண்டை வீட்டாரையும் கேட்கவேண்டும். பட்டா ஒன்றே உரிமையாகாது.

இதில் நம் பணம் மட்டுமா போகிறது? போலிப் பத்திரத்தில் விற்கப்படும் மனைக்கு உடையவர் ஒருவர் இருக்கிறார். அவரும் நம்மைப் போல வெளிநாட்டில் இருப்பவராகவோ, ஒரு விதவையாகவோ, எத்தீமாகவோ இருக்கலாம். ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவர் கழுத்தில் ஏழு பூமிகள் மாட்டப்படும் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். தெரியாமல் வாங்கியவர் வேறு. தெரிந்துவிடுமோ என்று அஞ்சிக் கேட்காமலிருந்தவர் வேறு. பின்னவரை நாம் நிரபராதி என்று சொல்லத் துணியோம்.

ஏமாந்தபின் அதே மனையை வாய் திறவாமல் மூன்றாமவர் தலையில் கட்டிப் பணத்தை மீட்பவர்களும் உண்டு. நேற்று இவரை ஏமாற்றியவனும் இவரும் இன்று ஒரே தொழில் செய்கிறார்கள். பணம் போனவர் செய்யவேண்டியது வேறு. இணையவழி மோசடிக்கான 1930 என்ற எண்ணில் தாமதமின்றி முறையிட்டு, காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கவேண்டும். அந்த மனையைப் பற்றி விசாரித்து வருகிறவரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லவேண்டும்.