சட்டை சொன்ன சாட்சி

ஈமான் கொண்டவன் அறிவை மூட்டை கட்டி வைத்துவிட வேண்டும் என்று எண்ணுவோர் உண்டு. அறிவு ஒன்றே போதும், ஈமான் எதற்கு என்பாரும் உண்டு. இரு சாராருக்கும் திருமறையின் யூசுப் அத்தியாயத்தில் பதில் இருக்கிறது.

1954-இல் வெளிவந்த 'அந்த நாள்' என்னும் துப்பறியும் படத்தைப் பலர் அறிவர். எஸ். பாலசந்தர் இயக்கிய அப்படத்தில் பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. ரேடியோ எஞ்சினியர் ஒருவன் சுடப்பட்டு இறக்கிறான். விசாரிக்கப்படுவோர் ஒருவர் மாற்றி ஒருவர் மீது சந்தேகத்தைத் திருப்புகின்றனர். அவர்கள் ஊகிப்பதெல்லாம் நடந்தது போலவே திரையில் விரிகிறது, நாமும் நம்பிவிடுகிறோம். சந்தேகம் எத்தனை எளிதில் உண்மையின் வேடம் போடுகிறது!

யஃகூப் நபி (அலை) அவர்களிடமும் இப்படி ஒரு கதை கொண்டுவரப்பட்டது. தம்பியை ஓநாய் தின்றுவிட்டதென்று அழுதுகொண்டு வந்த மக்கள், பொய் இரத்தம் தோய்ந்த சட்டையைக் காட்டினர். சட்டை கிழியாதிருந்ததே பொய்யைக் காட்டிக் கொடுத்தது என்பர் விரிவுரையாளர்கள். கண்ணீரைக் கண்டு அவர் ஏமாறவில்லை. ஆனால் மகன் எங்கே என்பது தெரியவில்லை. அறிவு நின்றுவிட்ட அந்த இடத்தில் பொறுமை அவருக்குத் துணை நின்றது.

இரண்டாவது சட்டை எகிப்தில் சாட்சியானது. முன்புறம் கிழிந்திருந்தால் யூசுப் நபி (அலை) மீது குற்றம். பின்புறம் கிழிந்திருந்தால் அப்பெண் கூறுவது பொய் என்று அவள் குடும்பத்தாரில் ஒருவரே அளவுகோல் வைத்தார். சட்டை பின்புறமே கிழிந்திருந்தது. அத்துடன் வழக்கு முடிந்திருக்க வேண்டும். அத்தாட்சிகளைக் கண்ட பின்னரும் அவரைச் சிறையில் அடைத்தார்கள் (12:35). அறிவு உண்மையைக் காட்டியது. அதற்குக் கட்டுப்படும் இறையச்சம்தான் அங்கு இல்லை.

இது பழங்கதையன்று. சென்ட்ரல் அருகிலிருந்த பழைய சிறைக்குப் பதிலாக 2006-இல் வந்த புழல் சிறையில், விசாரணைக் கைதிகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. அவர்கள் மீது சாட்டப்பட்ட குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. நாமோ, பத்திரிகையில் பெயர் வந்த அன்றே, "நெருப்பில்லாமல் புகையுமா?" என்று டீக்கடையில் தீர்ப்பெழுதி விடுகிறோம். அந்த வீட்டில் பெண் கேட்டு வந்தவர்கள் திரும்பிப் போகிறார்கள். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள்.

அப்படியானால் குற்றவாளியை விட்டுவிடுவதா? அன்று! செய்தி வந்தால் தீர விசாரிக்கச் சொல்கிறது திருமறை (49:6); ஊகங்களில் சில பாவமென எச்சரிக்கிறது (49:12). சந்தேகம் இருக்குமிடத்தில் 'ஹத்து' தண்டனையை நிறுத்திவைப்பதும் ஃபிக்ஹின் விதியே.

ஆகவே, விசாரிப்பதும் வணக்கமே. விசாரிக்காமல் நாவை அடக்குவதும் வணக்கமே. அல்லாஹ் நமக்கு இரண்டையும் அருள்வானாக!