அருகில் போனால்

எழுத்தாளன் வாழ்க்கையைச் சற்று விலகி நின்று பார்க்க வேண்டும் என்று விமர்சக நண்பர்கள் சொல்வதுண்டு. எனக்கு அதில் ஒரு சந்தேகம். விலகி நின்றால் தெரியவே தெரியாத வெளிச்சம் ஒன்று இருக்கிறதே, அதை என்ன செய்வது?

நான் கற்பனை பேசவில்லை, பௌதிகம் பேசுகிறேன். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் 4-ஆம் நூற்றாண்டு ரோமானியக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. லைக்கர்கஸ் கிண்ணம் என்று பெயர். முன்னாலிருந்து ஒளி பட்டால் பச்சை. உள்ளே விளக்கை வைத்தால் சிவப்பு. கண்ணாடியில் கலந்த தங்க, வெள்ளித் துகள்கள் செய்யும் ஜாலம் அது. ஒரு மில்லிமீட்டரை 10 லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு நானோமீட்டர். அந்தத் துகள்கள் சுமார் 50 முதல் 100 நானோமீட்டர்தான். இத்தகைய துகள்மீது ஒளி பட்டதும் அதிலுள்ள எலெக்ட்ரான்கள் ஊஞ்சல்போல் ஆடுகின்றன. அந்த ஆட்டத்தில் பிறக்கும் ஒளியில் ஒரு பங்கு நம் கண்ணுக்கு வருகிறது. இன்னொரு பங்கு எங்கும் போவதில்லை. துகளின் மேனியோடு ஒட்டி நின்று அங்கேயே அடங்கிவிடுகிறது. புறப்படாத ஒளியை எந்த லென்ஸ் பிடிக்கும்?

அருகே போகத்தான் வேண்டும். ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய துவாரத்தைப் பொருளை ஒட்டி நகர்த்தலாம் என்று 1928-இல் அயர்லாந்துக்காரர் எட்வர்ட் ஸிங் எழுதினார். 1984-இல் ஸ்விட்ஸர்லாந்தில் டீட்டர் போல் குழுவினர் ஊசிமுனைத் துவாரத்தால் அதைச் செய்து காட்டினார்கள். ஆனால் உலோக முனை நெருங்கியதும் அந்த ஒளியே சற்று மாறிவிடுகிறது. தெரிவது துகளின் ஒளியா, துகளும் ஊசியும் சேர்ந்த ஒளியா?

ஊசியே வேண்டாமென்று 2009-இல் கலிபோர்னியாவில் அகமது ஸெவயில் குழுவினர் எலெக்ட்ரான்களை அனுப்பினார்கள். வெள்ளி நானோகம்பியின் ஓரமாகப் போனவற்றில், அந்த ஒளியிலிருந்து சக்தி பெற்றவற்றை மட்டும் பிரித்துப் படமாக்கினார்கள். அழகான வேலை. ஆனாலும் பாருங்கள், அவையும் கொஞ்சம் வாங்கிக்கொண்டுதான் போயிருக்கின்றன. வாங்காமல் போனவற்றுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி மூன்று பிற்பகல்கள் தன் கதையைச் சொன்னாள். முதல் நாள் பால் கணக்குப்போல் ஒப்பித்த இடத்தில் மூன்றாம் நாள் அழுதாள். இடையில் நான் கேட்ட கேள்விகள் கொண்டுவந்த அழுகையா, முன்பே அங்கே இருந்ததா? விலகி நின்றிருந்தால் எனக்கு அந்தச் சந்தேகம்கூடக் கிடைத்திராது.

ஊசி எந்த உலோகம், முனை எவ்வளவு கூர் என்று விஞ்ஞானிகள் தங்கள் கட்டுரையில் குறிப்பிட்டுவிடுகிறார்கள். நல்ல பழக்கம். கதையில் அப்படி எழுதினால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.

கதை அச்சானதும் பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். "நான் இப்படியா அழுதேன்?" என்று கேட்டாள்.

"அழுதீங்க, பாட்டி" என்றேன்.