கலியாணத்துக்கு முன்னே உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்

தியானப் பகுதி: லூக்கா 14:28-30, உபாகமம் 24:5



நிச்சயதார்த்தம் முடிந்து விவாக நாளுக்குக் காத்திருக்கிற நம் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் இந்த மாதச் செய்தியை எழுதுகிறேன். நிச்சயத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள்ளேயே பேச்சு ஆரம்பித்துவிடுகிறது. எந்த மண்டபம்? எத்தனை பேர்? பிரியாணியா, சைவமா? வீடியோவுக்கு யாரைச் சொல்லலாம்? எல்லாரும் பேசுகிறார்கள். "கையில எவ்வளவு இருக்கு?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

1. முதலாவது உட்காருங்கள்

கோபுரம் கட்டப்போகிற மனுஷனைப் பற்றி ஆண்டவர் சொன்னார். அவன் கடைக்கால் தோண்டுவதற்கு முன்னே உட்கார்ந்து, முடிக்கிறதற்கு வசதி உண்டா என்று செலவைப் பார்க்க வேண்டும். பாராமல் ஆரம்பித்தால் பாதியில் நின்றுபோகும், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சீஷத்துவத்தின் விலையைப் போதிக்கவே ஆண்டவர் இதைச் சொன்னார். ஆனாலும் கணக்குப் பார்க்கிறதை அவர் அவிசுவாசம் என்று சொல்லவில்லை. புத்தியுள்ளவன் இப்படித்தான் செய்வான் என்று அதையே உதாரணமாக எடுத்துக்கொண்டார்.

நாமோ முதலில் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கிறோம், பிறகு உட்காருகிறோம். அப்போது உட்காருவது கணக்குப் பார்க்க அல்ல, யாரிடம் கடன் கேட்கலாம் என்று யோசிக்க!

2. கானா ஊரைச் சொல்லிக் கடன் வாங்காதிருங்கள்

"பாஸ்டர், கானா ஊர் கலியாணத்துல குறைவை நிறைவாக்கின இயேசு நமக்கும் செய்வார்" என்று சிலர் சொல்லுவதுண்டு. ஆமென், அவர் செய்கிறவர்தான். அந்த வீட்டின் குறைவை ஊர் அறியாதபடி நிறைவாக்கி, மணவாளனுடைய மானத்தைக் காத்தார். ஆனால் அங்கே குறைவு முதலாவது யாருக்குச் சொல்லப்பட்டது? இயேசுவுக்கு. நாமோ முதலாவது வட்டிக்காரரிடம் சொல்லிவிட்டு, பத்திரத்தில் கையெழுத்துப் போட்டபின் உபவாச ஜெபத்துக்கு வருகிறோம். தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்னவன் யார் என்று உங்களுக்குத் தெரியும். தாங்க முடியாத கடனில் குதித்துவிட்டு, தேவன் தாங்குவார் என்று சொல்லுவதும் அதே பரீட்சைதான்.

கணக்கைக் கேளுங்கள். 3 லட்சம் ரூபாயை 3 வட்டிக்கு வாங்கினால் மாதம் 9,000 ரூபாய் வட்டி. வருஷத்துக்கு 1,08,000. 34 மாதம் கட்டினால் 3,06,000 ரூபாய் போய்விடும், அசல் 3 லட்சம் அப்படியே நிற்கும்! நீதிமொழிகள் 22:7 இந்த நிலையை அடிமைத்தனம் என்றே சொல்லுகிறது. கந்துவட்டியைத் தடுக்க நம் மாநிலத்தில் 2003-ல் சட்டமே வந்தது. சட்டம் இருந்தும் வட்டிக்காரர் வாசலுக்கு வருவது நிற்கவில்லை.

உபாகமம் 24:5-ஐ வாசித்துப் பாருங்கள். புதிதாய் விவாகம் பண்ணினவனை ஒரு வருஷம் யுத்தத்துக்கும் அனுப்பக்கூடாது, வேறே வேலையும் சுமத்தக்கூடாது. அவன் வீட்டிலிருந்து மனைவியைச் சந்தோஷப்படுத்தவேண்டும். அந்த முதல் வருஷத்தை தேவன் மனைவிக்கு ஒதுக்கினார். நம் பிள்ளைகளோ அதை வட்டிக்காரருக்கு ஒதுக்குகிறார்கள். மாப்பிள்ளை நைட் ஷிப்டுக்கு மேல் ஓவர்டைம் பார்க்கிறான். மணவாட்டி வாசலில் யாராவது கூப்பிட்டால் கதவைத் திறக்கப் பயப்படுகிறாள். ஒரே ஒரு நாள் பந்தலுக்கு இதுவா விலை?

3. கேட்கிற வாயை அடக்குங்கள்

வேதத்தில் ஆபிரகாமின் ஊழியக்காரன் ரெபெக்காளுக்கும் அவள் வீட்டாருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தான். யாக்கோபு கையில் ஒன்றுமில்லாதவனாய் ராகேலுக்காக உழைத்தான். இரண்டு இடத்திலும் மாப்பிள்ளை பக்கம் கொடுத்தது. நாம் தலைகீழாக்கிவிட்டோம். 1961-ஆம் வருஷத்து வரதட்சணைத் தடைச் சட்டத்தின்படி வாங்குகிறதும் குற்றம், கொடுக்கிறதும் குற்றம்.

"நாங்க விசுவாசிகள், நகை போடமாட்டோம்" என்று சாட்சி சொல்லிவிட்டு, அந்த நகைக்கு ஈடாக ரொக்கம் கேட்கிற வீடுகள் நம் நடுவிலும் உண்டு. கழுத்தில் போடாத பொன், பாஸ்புக்கில் ஏறினால் பரிசுத்தமாகிவிடுமா? தம்பி, இது உன் பெயரால் கேட்கப்படுகிறது. "அப்பா அம்மா பேசுறாங்க, நான் என்ன சொல்ல?" என்று ஒதுங்காதே. "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று நீ வாயைத் திறந்து சொல். உனக்கு மாமனாராகப் போகிறவர் அன்று இரவு நிம்மதியாய்த் தூங்குவார்.

4. ஒரு நோட்டில் எழுதுங்கள்

நிச்சயம் முடிந்த அந்த வாரத்திலேயே இரண்டு வீட்டுப் பெரியவர்களும், மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஜெபித்து, ஒரு நோட்டை எடுங்கள்.

முதல் பக்கத்தில் கையில் இருக்கிறதை மட்டும் எழுதுங்கள். இன்னும் எடுக்காத சீட்டை எழுதாதிருங்கள். மொய்யை வரவில் சேர்க்கவே வேண்டாம். அது நாளைக்கு நாம் திரும்பச் செய்ய வேண்டியது.

இரண்டாம் பக்கத்தில் புதுக்குடித்தனத்துக்கு ஒதுக்குங்கள். வீட்டு அட்வான்ஸ், பாத்திரம், காஸ், முதல் மூன்று மாதச் செலவு. இதை எடுத்து வைத்தபின் மீதியே கலியாணச் செலவு.

மூன்றாம் பக்கத்தில் அவசியமானதை எழுதுங்கள். 1872-ஆம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவ விவாகச் சட்டம், லைசென்ஸ் பெற்ற ஊழியரைத் தவிர இரண்டு சாட்சிகளாவது இருக்கவேண்டும் என்கிறது. மண்டபத்தையும் மேடை அலங்காரத்தையும் அது கேட்கவில்லை. போவாஸ் ரூத்தைச் சேர்த்துக்கொண்டபோது பட்டணத்து வாசலில் மூப்பர்கள் சாட்சியாயிருந்தார்கள், அந்த விவாகம் தாவீதின் வம்சத்தில் நிலைத்தது.

அடுத்தது பந்தி. ஒரு இலைக்கு 250 ரூபாய் என்று வையுங்கள். 800 பேருக்கு 2 லட்சம், 400 பேருக்கு 1 லட்சம். ஆட்கள் குறைந்தால் மண்டபமும் சிறியது போதும். ஆகையால் செலவைக் குறைக்க வேண்டுமானால் சாம்பாரில் தண்ணீர் ஊற்றாதிருங்கள், பெயர்ப் பட்டியலைக் குறையுங்கள். கடைசியில் பத்தில் ஒரு பங்கை எதிர்பாராத செலவுக்கு வைத்துவிட்டுக் கோடு போடுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டுகிற எதற்கும், யார் கேட்டாலும், "வேண்டாம்" என்று சொல்லுங்கள்.

"நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்பீர்கள். பிரியமானவர்களே, அந்த நாலு பேர் மத்தியானமே பஸ் ஏறிவிடுவார்கள். மாதம் பிறந்தால் வட்டி கட்டப்போகிறது உங்கள் பிள்ளைகள். சபையாரே, எளிமையாய்ச் செய்கிற வீட்டைப் பார்த்து, "என்ன, இவ்வளவுதானா?" என்று கேட்கிற அந்த நாலு பேரில் நாம் ஒருவராய் இல்லாதிருப்போமாக.

ஜெபம்: பரலோகப் பிதாவே, விவாகத்துக்கு ஆயத்தப்படுகிற எங்கள் பிள்ளைகளுக்கு உள்ளதில் போதுமென்கிற மனதைத் தாரும். வீண் பெருமையை எங்கள் வீடுகளைவிட்டு அகற்றும். ஏற்கெனவே கடனில் தவிக்கிற குடும்பங்களுக்கு அடைக்கும் வழியைத் திறந்தருளும். புதுக் குடித்தனங்கள் சமாதானமாய்த் தொடங்கக் கிருபை செய்யும். இயேசுவின் மூலம் ஜெபிக்கிறோம், ஆமென்.