நீல நரியின் ஊளை

யாங்கோனில் மே கடைசியில் பிடிக்கும் மழை அக்டோபர் வரை விடாது. அனோரதா சாலையை ஒட்டிய பழைய மாடி வீடுகளில் அந்த மாதங்களில் துணி காய்வதில்லை. பால்கனிக் கம்பியில் தொங்குகிறது, அவ்வளவுதான். அப்படியொரு வீட்டில் பையன் ஜப்பானிய வாள்பயிற்சியான கெண்டோ பழகத் தொடங்கி, அவுரி நீலம் ஏற்றிய தடித்த பருத்திச் சட்டையும் ஹக்காமா என்னும் மடிப்புக் கால்சட்டையும் வந்து சேர்ந்தால், முதல் சண்டை பயிற்சிக்கூடத்தில் நடக்காது, வாளியில்தான் நடக்கும். தங்கையின் பள்ளிச் சீருடை வெள்ளைச் சட்டை, பச்சை லோஞ்சி. அந்த வெள்ளையும் இந்த நீலமும் ஒரே தண்ணீரில் ஊறினால் வெள்ளையின் கதை அன்றோடு முடிந்தது.

உடனே கைவைத்தியம் தொடங்கும். உப்பு, வினிகர், படிகாரம். மூன்றாலும் பயனில்லை என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. வினிகர் துணியில் எஞ்சிய காரத்தைத் தணிக்கும். நிறத்தைப் பிடித்து வைக்காது. படிகாரம் சாயவேர்ச் சிவப்புக்கு உயிர். அது இல்லாமல் அந்தச் சிவப்பு நூலில் நிற்காது. அவுரியின் வழி வேறு.

நீலம் தண்ணீரில் கரையாத பொருள். அதைக் கரைக்கத் தமிழ்நாட்டுச் சாயக்காரர்கள் தொட்டியில் சுண்ணாம்பும் தகரை விதையும் சேர்த்துப் புளிக்க வைத்தார்கள். புளித்த தொட்டியில் நீலம் தன் நிறத்தையே விட்டுவிட்டு மஞ்சள் கலந்த பச்சையாகக் கரைகிறது. அந்த நிலையில்தான் அது நூலுக்குள் நுழையும். துணியை வெளியே எடுத்ததும் காற்று பட்டுக் கண்ணெதிரே பச்சை நீலமாகிறது. மறுபடி கரையாத துகளாகி, நுழைந்த இடத்திலேயே சிக்கிக்கொள்கிறது. நூலோடு அதற்கு ரசாயன முடிச்சு எதுவும் இல்லை. 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை அவுரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதுவும் அதே மூலக்கூறுதான், அதே குணம்தான்.

ஆக, வாளியில் இறங்குவது உள்ளே போன நீலமல்ல. உள்ளே போகாமல் மேலே ஒட்டிக்கொண்டது. நீர்த்த தொட்டியில் முக்கி, காற்றாட விட்டு, மறுபடி முக்கி, பல முறை ஏற்றிய துணியில் இது குறைவு. அடர்ந்த தொட்டியில் அவசரமாக முக்கி எடுத்ததில் அதிகம். துணி கைக்கு வந்தபின் அதை உறுதியாக்கும் மருந்தைத் தேடுவது வீண். உபரியை வெளியேற்றத்தான் முடியும்: தனியாக, குளிர்ந்த தண்ணீரில், சோப்பு அதிகம் போடாமல், முறுக்காமல், தண்ணீர் தெளியும்வரை அலசுவது. வெந்நீர் வேகமாக இறக்கும், சட்டையும் சுருங்கும். பிளீச் பக்கமே போகக்கூடாது. உலர்த்துவது நிழலில், உட்புறம் வெளியே இருக்கும்படி. யாங்கோன் மழையில் மின்விசிறியடியில்.

பஞ்சதந்திரத்து நீல நரியை நமக்குத் தெரியும். சாயத்தொட்டியில் விழுந்து, நீலமாக எழுந்து, காட்டுக்கே ராஜாவான நரி. குழந்தைகளுக்குச் சொல்லும்போது மழை பெய்து சாயம் கரைந்தது என்று முடித்துவிடுகிறோம். மூலக்கதையில் மழை இல்லை. தூரத்தில் மற்ற நரிகள் ஊளையிட, இதுவும் தன்னை மறந்து ஊளையிட்டது. அகப்பட்டது. கதை கட்டியவருக்குச் சாயக்காரர் யாராவது பழக்கமாயிருந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு சந்தேகம். ரோமத்தில் உண்மையாகவே ஏறிய அவுரி ஒரு மழைக்குப் போகாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. நரியின் மேல் நிறம் உறுதியாகத்தான் இருந்தது. அந்த உறுதி குரல்வரை போகவில்லை.

கெண்டோவில் புதியவர்களின் சட்டை கருநீலமாக, மடிப்புக் கலையாமல் இருக்கும். பல வருடம் பழகியவர்களின் சட்டை தோளிலும் முழங்கையிலும் வெளுத்திருக்கும். வியர்வையும் தோய்ப்பும் மாறி மாறிச் செய்த வேலை அது. ஆனாலும் அந்த வெளுப்பை மட்டும் பார்த்து யாரும் புள்ளி தருவதில்லை. போட்டியில் மூன்று நடுவர்கள் சிவப்பு, வெள்ளைக் கொடிகளோடு நிற்கிறார்கள். மூங்கில் வாள் சரியான இடத்தில் பட்டால் போதாது; அடியோடு சேர்ந்து அடிவயிற்றிலிருந்து முழக்கம் எழவேண்டும், அடித்தபின்னும் விழிப்புத் தளரக்கூடாது. முழக்கம் தொண்டையிலிருந்து மட்டும் வந்தால், எவ்வளவு நல்ல நீலம் உடுத்தியிருந்தாலும் கொடி எழுவதில்லை.