மாக்கோழியும் கணினிப் போரும்

உயிரில்லாத ஒன்றை வெட்டுதல் கொலையாகுமா? இவ்வினா சமண நூல்களைக் கற்றோர்க்குப் புதிதன்று. ஆயினும், கணினித் திரைமுன் அமர்ந்து படை நடத்தும் நம் சிறுவர்களைக் காணுந்தோறும் அது மீண்டும் எழுகின்றது.

ஆசிரியப் பணி நிறைவுற்றபின் ஜவ்வாது மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் வாழ்ந்துவரும் நமக்கு, விடுமுறையில் வந்த பெயரன் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ விளையாட்டின் இரண்டாம் பாகத்தைக் காட்டினான். 1999இல் தோன்றிய அவ்விளையாட்டிற்கு, ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ என்னும் புதிய விரிவாக்கம் 2022 ஏப்ரல் 28 அன்று வெளிவந்தது. திராவிடர், வங்காளியர், கூர்ச்சரர் ஆகியோர் அதில் சேர்க்கப்பட்டுள்ளனர். முதலாம் இராசேந்திர சோழனின் பெயரால் ஒரு போர்த்தொடரும் உண்டு.

முதல் நோக்கில் நம்மைக் கவர்ந்தது அதன் ஒழுங்கு. உணவு, மரம், பொன், கல் என்னும் வளங்களைக் குடிமக்கள் உழைத்துச் சேர்த்தாலன்றிப் படையைப் பெருக்க இயலாது. அரசுக்கு அடித்தளம் உழவே என்பதைச் சிறுவன் பாடநூலின்றியே உணர்கின்றான். மற்றொன்றும் கண்டோம். பிற நாட்டார் ஆடுகளைக் கொன்றே அவற்றால் உணவு பெறுகின்றனர். கூர்ச்சரர்க்கு மட்டும் அவற்றைக் கொல்லாது ஆலையில் அடைத்துவைத்து, சிறிது சிறிதாக உணவு பெறும் வழி தரப்பட்டுள்ளது. கொல்லாமைக்கு இடமளித்த அந்தச் சிறு விதி நமக்கு மகிழ்வளித்தது.

ஆயினும் விளையாட்டின் உயிர்நாடி போரே. வீழ்ந்த வீரனின் உடல் சற்றுநேரம் கிடக்கின்றது. பின் எலும்பாகி மறைகின்றது. முடிவில் எத்தனை பேரைக் கொன்றோம் என்பது எண்ணாகத் தோன்றுகின்றது. “பாட்டி, இவை வெறும் படங்கள்தாமே! இதில் பாவம் ஏது?” என்றான் சிறுவன்.

இவ்வினாவிற்கு யசோதர காவியம் முன்பே விடை கூறியுள்ளது. உயிர்ப்பலியிட மறுத்த மன்னன், தாயின் சொல்லுக்கு இணங்கி, மாவினால் செய்த கோழியைப் பலியிட்டான். உயிர் எதுவும் அங்கே துன்புறவில்லை. ஆயினும் கொல்வதாகிய எண்ணம் அங்கே இருந்தது. அதன் பயனாகத் தாயும் மகனும் விலங்காகவும் பறவையாகவும் பல பிறவி எடுத்துக் கொலையுண்டனர். இம்சையின் வித்து கையில் இல்லை, கருத்தில் உள்ளது என்பதே அக்கதை உணர்த்தும் அறம்.

அவ்வாறாயின் இவ்விளையாட்டை அறவே விலக்கல் வேண்டுமா? அவசரப்பட்டுத் தீர்ப்பளித்தல் ஆசிரியர்க்கு அழகன்று. சதுரங்கத்திலும் காய்களை வெட்டுகின்றோம்; அதனைக் கொலை என்பார் இல்லை. மாக்கோழியை வெட்டிய மன்னன் பலியின் பயனை விரும்பினான். சதுரங்கம் ஆடுபவனோ அடுத்த நகர்வையே எண்ணுகின்றான். எனவே ஆடும் பொருளைக் காட்டிலும் ஆடுபவனின் உள்ளத்தையே ஆராய்தல் வேண்டும். பிறர் அழிவில் இன்புறுதலை நம் முன்னோர் இம்சானந்தம் என்று பெயரிட்டு, ரௌத்திர தியானத்துள் வைத்தனர். திட்டமிடுவதில் தோன்றும் மகிழ்ச்சி வேறு. வீழ்ந்தவரைக் கண்டு தோன்றும் மகிழ்ச்சி வேறு. பின்னது துளிர்க்கும் இடத்தைப் பெற்றோர் கண்டறிதல் வேண்டும்.

இதற்கு நம் நிலத்திலேயே துணை உண்டு. இம்மலையிலும் அடிவாரத்துச் செங்கம் பகுதியிலும் நடுகற்கள் பல நிற்கின்றன. சிலவற்றை மக்கள் வேடியப்பன் என வணங்குகின்றனர். இன்ன மன்னனின் இன்ன ஆண்டில், ஆநிரை காக்கும் பூசலில், இன்னான் பட்டான் என அக்கற்களின் எழுத்துகள் கூறும். போரில் மடிந்தவன் அங்கே எண்ணிக்கை அல்லன், பெயருடைய மனிதன்.

மற்றொன்று, போளூருக்கு அருகிலுள்ள திருமலை. இராசேந்திரன் கங்கை வரை வென்ற நாடுகளையெல்லாம் அடுக்கிக் கூறும் புகழ்பெற்ற கல்வெட்டு, 1025ஆம் ஆண்டையொட்டி அச்சமணக் குன்றின் பாறையில்தான் வெட்டப்பட்டது. சிறுவன் திரையில் கண்ட வெற்றிகள் பலவும் அம்மெய்க்கீர்த்தியில் உள்ளன. ஆனால் கல்வெட்டு அத்துடன் முடியவில்லை. மல்லியூரில் வாழ்ந்த வணிகன் நன்னப்பயனின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்தில் விளக்கெரிக்கவும் திருவமுதிற்கும் பொருள் அளித்தாள் என்பதே அதன் செய்தி. அத்தனை வெற்றிகளும் அவ்விளக்கிற்கு முன்னுரையாகவே நிற்கின்றன. அவ்விளக்கை ஏற்றியவளின் பெயரும் மன்னன் பெயரோடு ஒரே பாறையில் ஆயிரம் ஆண்டாக உள்ளது.

விளையாட்டு மெய்க்கீர்த்தியோடு நின்றுவிடுகின்றது. விளக்கு வரை செல்வதில்லை. எஞ்சிய வரிகளைப் படித்துக் காட்டுவது பெரியோர் கடமை. பிள்ளைகளைத் திருமலைக்கு அழைத்துச் செல்லுங்கள்; கல்வெட்டின் முடிவு வரை பொருள் கூறுங்கள். ஆடி முடித்த பிள்ளையிடம், “எத்தனை பேரை வென்றாய்?” என்று கேளாது, “எத்தனை பேரைக் காத்தாய்?” என்று கேளுங்கள். அக்கேள்விக்கு விடை தேடும் பிள்ளை அடுத்த ஆட்டத்தை வேறு உள்ளத்தோடு தொடங்குவான். கருத்தில் கருணை நிலைத்துவிட்டால் கருவி எதுவாயினும் அது நம் பிள்ளைகளைக் கெடுக்காது.

அறம் தழைக்க!