ஐயமும் துணிபும்

ஒன்றைப் பற்றி முழுதும் அறியாத நிலையில் அதற்கு விதி வகுப்பது அறமாகுமா? அறிஞர் அவைக்குரிய வினாப்போல் இது தோன்றலாம். ஆயினும், நம் கொங்கு நாட்டு ஆறுகளே இதனை நம்முன் வைக்கின்றன.

காவிரியிலும் அதன் கிளையாறுகளிலும் மட்டுமே வாழ்வது கூன்முதுகு மகசீர் என்னும் பெருமீன். கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த இம்மீன் ஒன்று 1946இல் கபினியாற்றில் 120 இராத்தல் எடையுடன் தூண்டிலில் அகப்பட்டது. பவானியிற் கலக்கும் மோயாறு இதன் எஞ்சிய புகலிடங்களுள் ஒன்று. அமராவதிக்கு நீர் தரும் பாம்பாற்றில் கிடைத்த மீனுக்கு 2007இல் சூட்டிய அறிவியற்பெயரே இதற்கும் உரியது என 2018இல் ஆய்வாளர் நிறுவினர். அவ்வாண்டே, அழிவின் விளிம்பில் நிற்கும் இனம் எனவும் இது அறிவிக்கப்பட்டது.

கர்நாடகத்துக் காவிரிக்கரை முகாம்களில் பொழுதுபோக்காகத் தூண்டிலிட்டோர், பிடித்த மீனைக் குறித்துக்கொண்டு மீண்டும் நீரில் விட்டு வந்தனர். சரணாலய எல்லைக்குள் அவ்விளையாட்டு 2012 அளவில் நின்றுபோயிற்று. தடை, மீன்மீது கொண்ட இரக்கமாகத் தோன்றலாம். ஆனால் கூன்முதுகு மகசீர் குறைந்ததையும், வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மகசீர் பெருகியதையும் காட்டிக்கொடுத்தவை, 1998 முதல் 2012 வரை அத்தூண்டிற்காரர் எழுதிவைத்த கணக்குகளேயாம். தடையோடு அக்கண்ணும் மூடிக்கொண்டது.

அங்ஙனமாயின் தடை பிழையா? ஹோவர்டு ரைஃபா என்னும் அமெரிக்க அறிஞர் 1968இல் வெளியிட்ட நூலில் விளக்கிய முடிவுப் பகுப்பாய்வு இங்குத் துணைசெய்யும். செய்யத்தக்க வழிகளை வரிசைப்படுத்துக. உண்மைநிலை எவ்வெவ்வாறு இருத்தல் கூடும் எனக் காண்க. ஒவ்வொன்றும் எத்துணை நேரத்தக்கது என மதிப்பிடுக. விளைவின் நன்மை தீமையைத் தனியே நிறுக்க. முன்னது அறிவின்பாற்பட்டது, பின்னது நாம் எதனைப் பெரிதெனப் போற்றுகிறோம் என்பதன்பாற்பட்டது. இரண்டையும் குழப்புவதாலேயே வழக்கு வளர்கிறது.

அரபு மொழி அளவையாளர் உறுதியை ‘யகீன்’ என்றும், மிகுதியும் சாய்ந்த கருத்தை ‘ளன்’ என்றும், இருபுறமும் ஒத்த ஐயத்தை ‘ஷக்’ என்றும் பிரித்தனர். யகீன் வரும்வரை காத்திருப்போமாயின் வாழ்வில் ஒரு செயலும் நடவாது. எனவே ளன்னைக் கொண்டும் செயற்படுகிறோம். மோயாற்று மீன் எத்தனை என அறியாத நாமும் அவ்வாறே நிறுத்துப் பார்ப்போம். தடை தவறாயின், சிலர் பொழுதுபோக்கையும் முகாமிற் பணிசெய்தோர் கூலியையும் இழப்பர். அவற்றை நாளை மீட்கலாம். இசைவு தவறாயின் இனமே இல்லாதொழியும். அதனை மீட்பார் யார்? ஆதலின் தராசு காப்பின் பக்கமே சாய்கிறது.

ஆயினும் அணையும் மணற்கொள்ளையும் வெடிவைத்து மீன்பிடித்தலும் தூண்டிலை விலக்கியதால் விலகுவனவல்ல. ஆகவே, தடுப்பவர்க்கு மூன்று கடமைகள் உண்டு என்பதே நம் துணிபு: மீனை எண்ணும் பணியைத் தாமே ஏற்றல், கூலியிழந்தோரை அப்பணியில் அமர்த்தல், இத்தனை ஆண்டில் விதியை மீள ஆராய்வோம் என முன்னரே நாள் குறித்தல். அறியாமல் விதித்ததை மன்னிக்கலாம். விதித்தபின்னும் அறிய முயலாமையை மன்னித்தல் அரிது.