பறிகொடுத்தவர் யார்?



ஆங்கிலம் படிக்கும் நம் பிள்ளைகள் அடிக்கடி விடும் பிழை ஒன்றுண்டு. "என் சைக்கிளைக் களவெடுத்துவிட்டான்" என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது, 'ஸ்டீல்' என்ற வினை வரவேண்டிய இடத்தில் 'றொப்' என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டும் களவுதானே என்பது அவர்கள் எண்ணம்.

வேறுபாடு இதுதான். 'ஸ்டீல்' என்பதற்குச் செயப்படுபொருளாக வருவது களவுபோன பொருள்: பணம், சைக்கிள், ஆடு. 'றொப்' என்பதற்குச் செயப்படுபொருளாக வருவது அதைப் பறிகொடுத்த ஆள். அல்லது வங்கி, கடை போன்ற இடம். சட்டம் வேறு விதமாகப் பிரிக்கிறது. 1883ஆம் ஆண்டின் நமது தண்டனைச் சட்டக் கோவையின்படி, களவோடு வன்முறையோ அச்சுறுத்தலோ சேரும்போதுதான் அது கொள்ளை.

இலக்கணத்துக்கும் சட்டத்துக்கும் இப்பிரிவு தேவை. ஆனால் மனச்சாட்சி இதற்குள் ஒளிந்துகொள்ளலாமா?

களவெடுப்பவனின் கண் பொருளின் மேலேயே இருக்கும். ஆளை அவன் பார்ப்பதில்லை. "அரசாங்கச் சாமான்தானே" என்று கந்தோர்க் கடதாசியை வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். தராசில் சற்றுக் குறைத்து நிறுக்கிறோம். கூலியாளிடம் "நாளைக்கு வா" என்று இழுத்தடிக்கிறோம். யாரையும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை என்று மனம் ஆறுதல் சொல்கிறது. ஆனால் அந்தக் கூலியாளின் வீட்டில் அன்றிரவு அடுப்பு எரியவில்லை. அந்தக் கடதாசியோ ஏழையும் செலுத்திய வரியில் வாங்கியது. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, நீதியற்ற கூலியையும் ஒழுங்காகச் செய்யாத வேலையையும் ஏழாம் கற்பனைக்கு எதிரானவையாகவே எண்ணுகிறது. ஆளைப் பறிக்காத களவு ஒன்றுமே இல்லை.

லூக்கா நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தில் வரும் சக்கேயுவைப் பாருங்கள். ஆண்டவர் தம் வீட்டுக்கு வந்ததும், அவர் தம் பணப்பெட்டியை மறந்து, தாம் ஏமாற்றிய மனிதரை நினைத்தார். நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்க முன்வந்தார். பாவசங்கீர்த்தனத்தில் "களவெடுத்தேன்" என்று சொல்வதோடு நம் கடமையும் முடிவதில்லை. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். கொடுப்பதற்கு ஆளைத் தேடவேண்டும்.

ஆகவே, அடுத்தமுறை ஆத்தும சோதனை செய்யும்போது, "எதை எடுத்தேன்?" என்பதோடு நின்றுவிடாமல், "யாரிடமிருந்து எடுத்தேன்?" என்றும் கேளுங்கள். அவர் முகம் நினைவுக்கு வந்தால், அவர் வீட்டுக்குப் போகும் வழியும் தெரியும்.